வாடகை எதற்குக் கூலி?

கையில் சேர்ந்த பணத்தைப் போட்டு நாலு போர்ஷன் உள்ள ஒரு வீட்டை வாங்கிவிட்டால் கடைசிக் காலத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்ற நம்பிக்கை தமிழ்நாட்டின் சிறுநகரங்களில் குலதெய்வ நம்பிக்கை அளவுக்கு ஊறிப்போன ஒன்று. விருத்தாசலத்திலும் அப்படித்தான். பீங்கான் தொழிற்பேட்டையில் அச்சில் வார்க்கும் தொழிலாளி, பீங்கான் தொழில்நுட்பப் பயிலகத்தில் டிப்ளமோ படிக்க வந்த பையன்கள், கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரி மாணவர்கள், ஜங்ஷனில் வேலை பார்க்கும் ரயில்வே ஊழியர், நெய்வேலிக்குப் பஸ்ஸில் போய்வரும் ஒப்பந்தத் தொழிலாளி, மாற்றலாகி வந்த ஆசிரியை என்று குடிவர ஆள் எப்போதும் உண்டு. வாங்குகிறவர்கள் மனை எந்தத் திசை பார்த்தது, வில்லங்கம் உண்டா, பட்டா யார் பேரில் இருக்கிறது, தண்ணீர் உப்பா என்று ஆயிரம் கேள்வி கேட்பார்கள். மாதம் பிறந்தால் இன்னொருவர் சம்பளத்திலிருந்து என் கைக்கு வரப்போகும் பணம் நியாயமானதுதானா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. வட்டிக்கு விடுவதைப் பற்றிக் கூச்சப்படுகிற குடும்பங்கள்கூட வீட்டை வாடகைக்கு விடுவதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கின்றன. இரண்டிலும் பணம் சும்மா இருந்து பணத்தைக் கொண்டுவருவதாகத்தான் மேலுக்குத் தெரிகிறது. அப்படியானால் ஒன்று பாவமாகவும் மற்றது கௌரவமாகவும் எண்ணப்படுவதற்கு உண்மையான அடிப்படை ஏதும் உண்டா?

வாடகைக்கு எதிரான வழக்கு எளிதில் தள்ளிவிடக்கூடியது இல்லை. தாம் விதைக்காத இடத்தில் அறுக்க ஆசைப்படுகிறவர்கள் என்று நிலவுடைமைக்காரர்களை ஆடம் ஸ்மித் 1776-இலேயே குத்திக் காட்டினார். அவர் சந்தைப் பொருளாதாரத்துக்கு எதிரி இல்லை, அதன் தந்தை. தூங்கும்போதே பணக்காரர்களாகிறவர்கள் என்றார் ஜான் ஸ்டூவர்ட் மில். 1879-இல் 'முன்னேற்றமும் வறுமையும்' எழுதிய ஹென்றி ஜார்ஜ் இன்னும் நுட்பமாகப் பிரித்தார். ஒருவர் சுவர் எழுப்புகிறார், கூரை போடுகிறார். அது அவர் உழைப்பு, அதற்கான பலனும் அவருடையது. மனையின் மதிப்பு ஏறுவது அவரால் இல்லை. பக்கத்தில் ரயில் ஜங்ஷன் வந்தது, கல்லூரி வந்தது, ஊர் வளர்ந்தது, அதனால் ஏறியது. ஊர் சேர்ந்து உண்டாக்கிய மதிப்பை ஒருவர் தன் பையில் போட்டுக்கொள்கிறார் என்பது அவர் குற்றச்சாட்டு. இவர்களில் யாரையும் கம்யூனிஸ்டு என்று சொல்லி ஒதுக்கிவிட முடியாது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இந்தக் குற்றச்சாட்டு எங்கே கடிக்கிறது என்பது புரியும். ஒரு பேச்சுக்கு, நாலு போர்ஷன் வீட்டின் விலை 60 லட்சம், போர்ஷனுக்கு 6,000 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொள்வோம். மாதம் 24,000, ஆண்டுக்கு 2,88,000. போட்ட பணத்தில் 4.8 சதவீதம். ஒவ்வொரு போர்ஷனும் ஆண்டுக்கு ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் 24,000 போயிற்று. நகராட்சி வரி, மோட்டார் ரிப்பேர், வெள்ளையடிப்பு என்று இன்னும் முப்பது நாற்பது ஆயிரம். மிஞ்சுவது 4 சதவீதத்துக்கும் குறைவு. வங்கியில் வைப்புநிதியாகப் போட்டிருந்தாலே இதைவிடக் கூடுதலாகக் கிடைத்திருக்கும். கடன் வாங்கி வாங்கியிருந்தால் நிலைமை இன்னும் மோசம்: 40 லட்சத்துக்கு 9 சதவீத வட்டியே முதல் ஆண்டில் 3,60,000 ஆகிவிடும், மொத்த வாடகையும் வட்டிக்கே போதாது. இருந்தும் கணக்குத் தெரிந்தவர்கள் ஏன் வாங்குகிறார்கள்? பத்து வருஷத்தில் மனை விலை இரட்டிப்பாகும் என்ற எதிர்பார்ப்புதான் காரணம். ஆக, வீட்டுக்காரர் உண்மையில் காத்திருப்பது வாடகைக்காக இல்லை, அதைவிடப் பெரிய, தான் உழைத்து உண்டாக்காத ஓர் ஆதாயத்துக்காக. இதை முதலில் நேர்மையாக ஒத்துக்கொள்ள வேண்டும்.

பணத்தை ஓரிடத்தில் போட்டு வேறொரு காலத்தில் வேறோரிடத்தில் எடுக்கும் ஆசைக்கு இந்த ஊரே தலபுராணம் வைத்திருக்கிறது. விருத்தாசலத்தின் பழைய பெயரான திருமுதுகுன்றத்தில் இறைவனிடம் பன்னிரண்டாயிரம் பொன் பெற்ற சுந்தரர், அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்ததாகச் சொல்கிறது பெரியபுராணம். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்ற பழமொழி இங்கிருந்து பிறந்தது என்பார்கள். கதையில் பலரும் கவனிக்காத ஒரு பகுதி உண்டு. ஆற்றில் போடுமுன் சுந்தரர் அந்தப் பொன்னில் கொஞ்சம் மச்சமாக, அதாவது மாதிரியாக, வெட்டி வைத்துக்கொள்கிறார். திருவாரூரில் கிடைத்த பொன்னை அந்த மச்சத்தோடு ஒப்பிட்டு உரைத்துப் பார்க்கிறார், மாற்றுக் குறைந்திருக்கிறது, பாடி முறையிட்ட பிறகே சரியாகிறது. கொடுத்தது கடவுள், வாங்கியவர் கடவுளின் தோழர். அப்படி இருந்தும் திரும்பி வந்த பணம் உரைத்துப் பார்க்கப்பட்டது. பணம் வந்துசேர்ந்துவிட்டது என்பதாலேயே அதன் தரம் நிச்சயமாகிவிடுவதில்லை என்பது கதைக்குள் இருக்கும் சித்தாந்தம். வாடகைப் பணத்தை உரைத்துப் பார்க்க நமக்கும் ஒரு மச்சம் வேண்டும்.

அதைக் கொடுப்பது வட்டியைக் கடுமையாக விலக்கிய மதங்கள்தான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் வட்டி பாவம் என்று வாதிட்டபோது, வீட்டு வாடகை மட்டும் எப்படிச் சரி என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. திராட்சை மதுவையோ பணத்தையோ பயன்படுத்துவது என்றால் அதைச் செலவழித்துத் தீர்ப்பது. பொருளுக்கு ஒரு விலை, பயனுக்கு இன்னொரு விலை என்று கேட்டால் ஒன்றையே இரண்டு தடவை விற்பதாகும். வீடு அப்படியில்லை. இன்னொருவர் குடியிருக்கும்போதும் வீடு வீடாகவே, உடையவருடையதாகவே இருக்கிறது. ஆகவே குடியிருப்பதற்கு மட்டும் தனியாகக் கூலி கேட்கலாம் என்றார். இஸ்லாமியச் சட்டவியலும் வட்டியை அறவே விலக்கிவிட்டு, இஜாரா என்ற பெயரில் வாடகையை அனுமதிக்கிறது. அங்கே சொல்லப்படும் காரணம் இன்னும் கூர்மையானது. பொருள் அழிந்தால் இழப்பு உடையவருக்கு. பெரிய பழுதுகளைச் சரிபார்ப்பது உடையவர் கடமை. குடியிருக்க முடியாதபடி வீடு கெட்டுவிட்டால் வாடகையும் நின்றுபோகும். நட்டத்துக்குப் பொறுப்பேற்றவருக்கே வருமானத்தில் உரிமை என்பது அந்தச் சட்டவியலின் அடிப்படை விதிகளில் ஒன்று. கடன் கொடுத்தவருக்கு வாங்கியவன் கடை எரிந்தாலும் வட்டி வந்தாக வேண்டும்; வீடு கொடுத்தவர் வீடு எரிந்தால் தானும் எரிகிறார். வட்டிக்கும் வாடகைக்கும் நடுவே உள்ள சுவர் இதுதான்.

இந்த அளவுகோலை ஏற்றுக்கொண்டால் வாடகை எதற்குக் கூலி என்பதற்கு விடை கிடைத்துவிடுகிறது. பத்திரம் என் பேரில் இருக்கிறது என்பதற்காக வரும் கூலி அது இல்லை. அந்த வீட்டில் கெடுவதையெல்லாம் நான் ஏற்றுக்கொள்கிறேன் என்பதற்காக வருவது. இதைச் சொல்ல விருத்தாசலத்தின் சரக்கு ஒன்றே போதும். நெய்வேலிப் பக்கத்துக் களிமண்ணைக் கொண்டு தொழில் வளர்த்த இந்த ஊர், கொலு பொம்மைக்கு எவ்வளவு பேர்போனதோ அவ்வளவு மின்சாரப் பீங்கானுக்கும் பேர்போனது. மீட்டர் பலகையில் இருக்கும் வெள்ளைப் பீங்கான் பியூஸ் கட்டையைப் பார்த்திருப்போம். மின்சாரம் வீட்டுக்குள் அதன் வழியாகத்தான் போகிறது. கோளாறு வந்தால் அதற்குள் இருக்கும் கம்பி முதலில் எரிந்து அறுந்துவிடும். வயரிங்கும் வீடும் தப்பும். மின்சாரம் வரும் வழியில் உட்கார்ந்திருப்பதற்கு அதற்குள்ள தகுதி, கேடு வரும்போது முதலில் எரிவது அதுதான் என்பது. வீட்டுக்காரர் நிற்கிற இடமும் அதுவே. கம்பிக்குப் பதில் ஆணியைச் சொருகி வைத்துவிட்டால் பியூஸ் ஒருநாளும் போகாது; எரிவது உள்ளே குடியிருப்பவரின் வீடாக இருக்கும்.

ஆணி சொருகும் வழக்கங்கள் நம் ஊர்களில் சகஜம். காலி செய்யும்போது ஒரு மாத வாடகையை வெள்ளையடிக்க என்று அட்வான்ஸில் பிடித்துக்கொள்வது எழுதாத சட்டமாகவே இருக்கிறது. 2017-இல் இயற்றி 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் அட்டவணையோ, வேறு உடன்பாடு இல்லாவிட்டால் வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்கு வர்ணம் பூசுவதும் வயரிங்கும் குழாய்ப் பதிப்பும் வீட்டுக்காரர் பொறுப்பு என்கிறது. குழாய்க்கு வாஷர் மாற்றுவதும் சுவிட்ச் மாற்றுவதும் சாக்கடை அடைப்பு எடுப்பதும் குடியிருப்பவருடையவை. மின்சாரத்தில் இதைவிட நாசூக்கான ஒரு வேலை நடக்கிறது. 2016 முதல் ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். நாலு குடித்தனங்கள் தலைக்கு 150 யூனிட் செலவழித்தால், தனித்தனி இணைப்பில் ஆளுக்கு 50 யூனிட்டுக்குத்தான் பணம் கட்ட வேண்டும். நாலுக்கும் ஒரே இணைப்பு வைத்து உள்ளே குட்டி மீட்டர் போட்டுவிட்டால் 600 யூனிட்டில் 500-க்குக் கட்ட வேண்டியதாகிறது. அளவு ஏற ஏற யூனிட் விலையும் ஏறுகிறது. இதற்கும் மேலே, ஒவ்வொருவரிடமும் முழு 150-க்கும் ஒரே கட்டண வீதத்தில் வாங்குகிற வீட்டுக்காரர், அரசு குடித்தனங்களுக்கு விட்டுக்கொடுத்ததையும் சேர்த்துத் தன் வாடகையாக்கிக்கொள்கிறார். தனி இணைப்புக்கு ஒருமுறை ஆகும் செலவைத் தவிர்த்ததன் விலையை நாலு குடும்பங்கள் வருஷக்கணக்கில் கட்டுகின்றன.

போக்கியம் இந்த எல்லைக்கோட்டை இன்னும் நன்றாகக் காட்டும். குடிவருபவர் நாலைந்து லட்சத்தை மொத்தமாகக் கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் இருக்கிறார். மூன்று வருஷம் கழித்துக் கொடுத்த பணத்தை அப்படியே வாங்கிக்கொண்டு போகிறார். மாதாமாதம் கொடுக்கிற தொந்தரவு இல்லை என்று இரு தரப்புக்கும் பிடித்த ஏற்பாடு இது. ஆனால் பெயர்தான் வீடு. உள்ளே நடப்பது கடன். குடியிருப்பவர் கடன் கொடுத்தவராகிறார், வீடு அதற்கு வட்டியாகிறது. அதோடு, நட்டத்தைத் தாங்கும் பொறுப்பு தலைகீழாகிவிடுகிறது. அந்த வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானம் இருந்து, தவணை தவறி ஏலத்துக்கு வந்தால், பதிவுசெய்யாத ஒரு முத்திரைத்தாளோடு நிற்பவர் தன் வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்தவராக இருப்பார். போக்கியமே கூடாது என்று சொல்ல வரவில்லை. பதிவு செய்து, வங்கிக் கடனை மறைக்காமல், திருப்பித் தரும் பணம் எங்கிருந்து வரும் என்பதைக் காட்டிச் செய்தால் அது நேர்மையான கடன். அப்படிச் செய்யாதவர் வாடகை வீடு என்ற நல்ல பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கடன் வாங்குகிறார்.

பொறுப்புக்குத்தான் கூலி என்பது நடைமுறைக்கு ஒவ்வாத பேச்சு என்று நினைப்பவர்கள் வருமானவரிக் கணக்கைப் பார்க்கலாம். வாடகை வருமானத்தில் நகராட்சி வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தை எந்த ரசீதும் கேட்காமல் தள்ளுபடி செய்கிறது சட்டம். வீட்டைப் பராமரிக்க அவ்வளவு செலவாகும் என்று அரசு அனுமானித்துக்கொள்கிறது. ஒரு மாதமும் காலியாகக் கிடக்காவிட்டால் நம் கணக்கில் அது ஆண்டுக்கு ஏறத்தாழ 85 ஆயிரம். முன்னே போட்ட கணக்கில் பராமரிப்புக்கும் வரிக்கும் ஒதுக்கியது அதில் பாதிகூட இல்லை. மிச்சப்பட்டது யாருடைய பணம்? சட்டப்படி வீட்டுக்காரருடையது, சந்தேகமில்லை. ஆனால் ஒழுகுகிற கூரைக்குக் கீழே ஒரு குடும்பம் வாளி வைத்துக்கொண்டிருக்கும்போது, கூரைக்கு என்று ஒதுக்கிச் சலுகை பெற்ற பணம் வீட்டுக்காரர் வீட்டு விசேஷத்துக்குச் செலவாகுமானால், நான் மேலே சொன்ன உரைகல்லில் அதன் மாற்றுக் குறைந்துதான் தெரியும்.

இனி மனை விலை ஏற்றத்துக்கு வருவோம். ஹென்றி ஜார்ஜ் எழுப்பிய இந்தக் கேள்விக்குப் பொறுப்புக் கூலி என்ற விடை போதாது. மண் தானாக விலை ஏறுவதற்கு யாரும் எந்தப் பொறுப்பும் ஏற்கவில்லை. தமிழ்நாடு இந்தச் சிக்கலை வேறு வகையில் தீர்த்து வைத்திருந்தது. அறநிலையத் துறையின் கீழுள்ள கோயில்களுக்கு ஏறத்தாழ 4.78 லட்சம் ஏக்கர் நிலம் உண்டு. இந்த மாநிலத்தின் மிகப் பெரிய வீட்டுக்காரர் கடவுள் என்று சொன்னால் அது அலங்காரப் பேச்சாகாது. மூர்த்தி சட்டத்தின் கண்ணில் ஒரு நபர். சொத்து வைத்திருக்கலாம், வழக்குப் போடலாம். பழைய கல்வெட்டுகளில் கோயில் சொத்தின் விற்பனைகள் சண்டேசுவரர் பேரில் நடந்தன. இன்றும் அவர் சந்நிதியில் கையைத் தட்டி, எதையும் எடுத்துப்போகவில்லை என்று காட்டிவிட்டுத்தான் வெளியே வருகிறோம். கோயில் மனையில் வீடு கட்டியவர் கட்டடத்துக்குத் தான் உரிமையாளர், மண்ணுக்குக் கோயிலின் குடி என்ற முறையில் அடிமனை வாடகை கட்டுகிறார். சுவர் மனிதனுடையது, மண் பொதுவுக்கானது என்று ஜார்ஜ் சொன்ன பிரிவினையை நம் ஊர்கள் ரசீது போட்டு நடத்தி வந்திருக்கின்றன. அந்த வாடகை ஒழுங்காக வசூலாகிறதா, அதன் நிர்வாகம் சரியா என்பது வேறு வழக்கு. கொள்கை இங்கே முக்கியம். தனியார் மனை வைத்திருப்பவர் அதைக் கோயிலுக்கு எழுதிவைக்க வேண்டியதில்லை. ஆனால் ஊருக்குப் புதிதாக ஒரு சாலையோ அலுவலகமோ வந்ததற்காக, வீட்டில் ஒரு செங்கலும் மாறாமல், இருக்கிற குடித்தனத்துக்கு வாடகையை ஏற்றுவது தன்னுடையது இல்லாத ஒன்றுக்கு விலை வைப்பதாகும். விலைவாசி ஏறினால், கொத்தனார் கூலி ஏறினால், அதற்கு ஏற்ப ஏற்றலாம். அது பொறுப்பின் செலவு. மனை ஏற்றத்தின் பலன் விற்கும்போது அவருக்குக் கிடைக்கத்தான் போகிறது. அதையே மாதாமாதமும் குடியிருப்பவரிடம் முன்கூட்டி வாங்குவது எந்தக் கணக்கிலும் சேராது.

இதற்கு வீட்டுக்காரர்கள் சொல்லும் பதிலில் உண்மை இருக்கிறது. எல்லா வீட்டுக்காரரும் ஜமீன்தார் இல்லை. பணிக்கொடையை முழுசாகப் போட்டுவிட்டு அந்த வாடகையில் மருந்து வாங்குகிற விதவைத் தாயும் வீட்டுக்காரர்தான். ஆறு மாதம் வாடகை தராமல், காலியும் செய்யாமல், கோர்ட்டுக்குப் போ என்று சொல்கிற குடித்தனமும் உண்டு. பொறுப்பு ஒரு பக்கத்துக்கு மட்டுமா? இல்லை. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் இந்த விஷயத்தில் வியப்பூட்டும் அளவுக்குச் சமமாக நிற்கிறது: வேண்டாம் என்று சொன்ன பிறகும் இருந்துகொண்டிருக்கும் குடிக்கு 12 பணம் தண்டம், வாடகை கொடுத்தவரைத் துரத்தும் வீட்டுக்காரருக்கும் அதே 12 பணம். திருட்டு, வன்முறை போன்ற குற்றம் இருந்தால்தான் விலக்கு. தானாக நடுவில் கிளம்பிப் போகிறவர் அந்த ஆண்டின் மீதி வாடகையைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். கெட்ட குடித்தனம் இருப்பது வீட்டுக்காரரின் கடமையைக் குறைத்துவிடாது. அவருக்கு நீதிமன்றத்தில் ஒரு வழியைத் தருகிறது, அவ்வளவுதான். தண்ணீர் மோட்டாரை நிறுத்துவதும் பியூஸைப் பிடுங்குவதும் அந்த வழியில் சேராது. இன்றைய சட்டமும் அதைத் தடுத்திருக்கிறது. வங்கித் தவணை ஏறியதால் வாடகையை ஏற்றுகிறேன் என்ற வாதம் இன்னும் பலவீனமானது. தவணை, வீடு வாங்கியவர் தன் எதிர்கால ஆதாயத்துக்காக எடுத்துக்கொண்ட கடன். மனை ஏறினால் பங்கு கிடைக்காத குடியிருப்பவர், வட்டி ஏறினால் மட்டும் ஏன் பங்கு எடுக்க வேண்டும்?

ஒப்புக்கொண்டுதானே வந்தார், பிடிக்காவிட்டால் வேறு வீடு பார்க்கட்டுமே என்பது அடுத்த வாதம். ஒப்புதல் பெரிய விஷயம்தான். ஆனால் பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதத்தில், இரண்டு பிள்ளைகளோடு, சாமான் ஏற்றிய வண்டி தெருவில் நிற்கும்போது கொடுக்கப்படும் ஒப்புதலுக்கும், திண்ணையில் உட்கார்ந்து இன்னும் நாலு பேரை வரச்சொல்லிப் பார்க்கலாம் என்று நினைப்பவரின் ஒப்புதலுக்கும் எடை ஒன்றில்லை. எழுத்து உடன்பாடு மட்டும் நீதியாகிவிடாது என்பதை விருத்தாசலத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பக்கத்து மணவாளநல்லூரில் முருகனாகிய கொளஞ்சியப்பர் சந்நிதியில் பிராது கட்டும் வழக்கம் இன்றும் நடக்கிறது. கொடுத்த பணம் வரவில்லை, சொத்தில் ஏமாற்றினார்கள், பொருள் களவு போயிற்று என்று காகிதத்தில் மனுவாக எழுதி, முருகன் காலடியில் வைத்துப் பூஜை செய்து, முனியப்பர் சந்நிதியில் கட்டிவிட்டு வருகிறார்கள்; மனுதாரர் ஊர் எவ்வளவு தூரமோ அதற்கேற்பக் கட்டணமும் உண்டு. குறை தீர்ந்ததும் திரும்ப வந்து பிராதை வாபஸ் வாங்க வேண்டும். இதைப் படிக்காதவர்களின் நம்பிக்கை என்று தள்ளுகிறவர்கள் அதன் உள்ளே இருக்கிற நீதிக்கோட்பாட்டைத் தவறவிடுகிறார்கள். இரண்டு பேருக்கு இடையே நடந்த பேரத்துக்கு மேலே மூன்றாவதாக ஒரு நாற்காலி இருக்கிறது, கையெழுத்து வாங்கிவிட்டோம் என்ற பதில் அங்கே செல்லாது, தீர்வு கிடைத்தவருக்கும் அங்கே ஒரு கடமை மிச்சம் இருக்கிறது என்பது அந்தக் கோட்பாடு. பிராது கட்டுகிறவர் வீட்டுக்காரராகவும் இருக்கலாம், குடியிருப்பவராகவும் இருக்கலாம்.

எதிர்முனையிலிருந்து ஒரு கேள்வியும் வரும். இவ்வளவு அறம் பேசுகிறவர் இலவசமாகவே கொடுக்கச் சொல்லலாமே? பக்கத்திலேயே முன்மாதிரியும் இருக்கிறது. வள்ளலார் 1867-இல் வடலூரில் தருமசாலை தொடங்கியபோது பார்வதிபுரத்து மக்கள் நிலத்தை விலை வாங்காமல் கொடுத்தார்கள். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. ஆனால் பசிக்குச் சோறு போடுவதும் குடியிருக்க வீடு கொடுப்பதும் ஒரே மாதிரியான செயல்கள் இல்லை. சாப்பிட்டு எழுந்ததும் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் உள்ள உறவு முடிந்துவிடுகிறது. வீடு அன்றாடம் தொடர்கிற உறவு. சும்மா குடியிருக்க விட்ட வீட்டில் கூரை ஒழுகினால், கேட்க வாய் வராது. வீட்டுக்காரர் முகம் பார்த்துத்தான் விளக்குப் போட வேண்டியிருக்கும். வாடகை கொடுக்கிறவர் கேட்கலாம். குழாய் உடைந்தது, இன்னும் ஏன் ஆள் வரவில்லை என்று குரலை உயர்த்தலாம். முன்னறிவிப்பு இல்லாமல் உள்ளே வராதீர்கள் என்று வீட்டுக்காரரையே வாசலில் நிறுத்தலாம். வாடகை அவருக்குக் கூரையோடு சேர்த்து ஒரு தகுதியையும் வாங்கிக் கொடுக்கிறது. தானத்தைவிட நியாயமான வாடகை உயர்ந்த உறவாக இருக்கக்கூடிய இடம் இது. நியாயம் போய்விட்டால் அந்த உயர்வும் போய்விடும்.

இந்தத் தகுதியை வாசலிலேயே மறுப்பதுதான் சாதி கேட்டு வீடு விடும் வழக்கம். நேரடியாகக் கேட்பது குறைந்து, சொந்த ஊர் எது, எந்தத் தெரு, அசைவம் சமைப்பீர்களா என்று சுற்றி வளைத்துக் கேட்பது வளர்ந்திருக்கிறது. என் வீடு, யாருக்கு விடுவது என்பது என் விருப்பம் என்பார்கள். வாடகை உடைமைக்கான கூலியாக இருந்தால் அந்த வாதத்தில் கொஞ்சம் பசை இருக்கும். கெடுவதைத் தாங்குவதற்கான கூலி என்றால், குடிவருபவரைப் பற்றி வீட்டுக்காரர் கேட்க உரிமை உள்ளவை வாடகை ஒழுங்காகத் தருவாரா, வீட்டைப் பாழாக்காமல் வைத்திருப்பாரா, அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை தராமல் இருப்பாரா என்பவை மட்டுமே. பிறப்பு இவை எதற்கும் விடை சொல்லாது. சைவம் என்ற பெயரைச் சொல்லி இந்தச் சல்லடையைப் பிடிப்பவர்கள் சைவ சித்தாந்தத்தையாவது யோசித்துப் பார்க்க வேண்டும். உடம்பு, கருவிகள், உலகம், நுகர்ச்சி ஆகிய நான்கையும் உயிர் பக்குவப்படுவதற்காக இறைவன் கொடுத்தான் என்பது அந்தத் தத்துவம். கொடுத்தவன் வாசலில் நின்று சாதி கேட்டதாகச் சாத்திரத்தில் எங்கும் இல்லை.

எல்லோருமே இந்த உலகத்தில் வாடகைக்கு இருப்பவர்கள்தான் என்று ஆறுதல் சொல்வது நமக்குக் கைவந்த கலை. அதற்கு வள்ளுவரும் சாட்சி. நிலையாமை அதிகாரத்தின் கடைசிக் குறள், உடம்பில் ஒண்டியிருக்கிற உயிருக்கு நிலையான வீடு இன்னும் அமையவில்லையோ என்று கேட்கிறது. பரிமேலழகர் உரையில் இது இன்னும் கூர்மையாகிறது: உடம்பு வாதம் முதலிய நோய்களின் வீடு, அவை இருக்கவிட்டால் உயிர் இருக்கும், அவை சினந்தால் கிளம்பிவிட வேண்டும். சினந்தால் வெளியேற்றும் வீட்டுக்காரரிடம் ஒண்டுக்குடி இருப்பது எப்படி இருக்கும் என்று தெரிந்தவர் எழுதிய உரை அது. இந்தத் தத்துவம் பெரும்பாலும் தப்பான ஆளிடம் சொல்லப்படுகிறது. வீடு இல்லாதவருக்குத் தன் நிலையாமை நன்றாகவே தெரியும். பதினோராவது மாதம் ஒப்பந்தம் முடியும்போதெல்லாம் தெரியும். அதை மறந்துபோக வசதி உள்ளவர் பத்திரம் வைத்திருப்பவர். நீயும் ஒண்டுக்குடிதான் என்ற உபதேசம் அவர் காதில் விழ வேண்டும். விழுந்தால் அது துறவுக்கு அழைப்பாக இருக்க வேண்டியதில்லை. தன்னை எப்படி நடத்த வேண்டும் என்று தான் வேண்டிக்கொள்கிறாரோ அப்படித் தன் கீழே இருப்பவரை நடத்தச் சொல்லும் ஒரு சாதாரண நியாயமாக இருந்தால் போதும்.

ஆகவே விருத்தாசலத்தில் நாலு போர்ஷன் வீடு வாங்கப் போகிறவர் வாங்கட்டும். அதில் பாவம் ஒன்றும் இல்லை. சட்டம் பராமரிப்புக்கு என்று விட்டுக்கொடுக்கும் 30 சதவீதத்தைத் தனிக் கணக்கில் போட்டு வைக்க வேண்டும். நாலு வீட்டுக்கும் நாலு மின் இணைப்பு வாங்க வேண்டும். உடன்பாட்டை எழுத்தில் வைத்துப் பதிவு செய்து, அட்வான்ஸை மூன்று மாத வாடகைக்குள் நிறுத்தி, காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். மழைக்காலத்தில் வார்த்த பொம்மை காயாமல் கூலி குறைகிற தொழிலாளிக்கு ஒரு மாதம் தவணை கொடுக்கும் அளவுக்குக் கையில் இருப்பு வேண்டும். இவை எல்லாவற்றையும் செய்த பிறகு மிஞ்சுகிற மூன்று, மூன்றரை சதவீதம் எந்த உரைகல்லிலும் தேறும் பணம். அந்த வரும்படிக்கு இவ்வளவு பாடா என்று தோன்றினால் அதுவும் நியாயமான முடிவுதான். அப்படிப்பட்டவர் பணத்தை வங்கியில் போடட்டும். அங்கே கூடுதலாகக் கிடைக்கும், இரவில் யாரும் மோட்டார் ஓடவில்லை என்று போன் செய்யவும் மாட்டார்கள். பொறுப்பைக் குடியிருப்பவர் தலையில் கட்டிவிட்டு வருமானத்தை மட்டும் வாங்கிக்கொள்கிற மூன்றாவது வழியைச் சட்டம் பல நேரம் கண்டுகொள்ளாமல் விடலாம். ஆனால் அப்படி வாங்குகிறவர் தான் வாங்குவது வட்டி என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். வட்டிக்கு விடுகிறவரைப் பார்த்துக் கூசுகிற உரிமையையும் விட்டுவிட வேண்டும்.